ஒரு மரப்பாசியும் ஒரு காட்டானையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. நம் கரையில் வளரக்கூடிய ஓர் இலைக்கன் இனத்தையும், நம் காட்டில் உலாவும் ஒரு பெரிய முலையூட்டியையும் எடுத்து ஒப்பிட வேண்டும். பிள்ளைகள் கேட்ட கேள்விகளும், அவர்களுக்குப் பின்னால் நின்று அம்மா அப்பாக்கள் கேட்ட கேள்விகளும் சேர்ந்துகொண்டே போகின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

இலைக்கன் என்று எதைச் சொல்கிறீர்கள்?

மாமரத் தண்டில், பழைய மதிலில், கருங்கல்லில் சாம்பலாகவோ வெளிர்பச்சையாகவோ படர்ந்திருப்பதைப் பார்த்து "பாசி பிடிச்சிருக்கு" என்போமே, அதில் பாதிக்கு மேல் இலைக்கன்தான். தமிழ்நாட்டு நூல்களில் லைக்கன் என்று இருக்கும். அது தனி ஓர் உயிர் இல்லை. ஒரு பங்கசும் (பூஞ்சணம்) ஓர் அல்காவும் (நுண்பாசி) சேர்ந்து கட்டிய உடல். சிலவற்றில் அல்காவுக்குப் பதில் சயனோபற்றீரியா என்ற, வெயிலில் சமைக்கத் தெரிந்த பற்றீரியா இருக்கும். பங்கசு வீட்டைக் கட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அல்கா வெயிலில் சமைத்துப் போடுகிறது.

இதை முதலில் சொன்னவர் சுவிற்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் சுவென்டனர். 1860களின் கடைசியில் அவர் சொன்னபோது அக்கால இலைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்கவே இல்லை. பிறகு ஏற்றார்கள். 2016இல் இன்னொரு அதிர்ச்சி: பல இலைக்கன்களின் மேற்தோலில் மூன்றாவதாக ஒரு மதுவமும் (ஈஸ்ட்) குடியிருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. இன்று உலகில் ஏறத்தாழ 20,000 இலைக்கன் இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன.

எந்த இரண்டு இனங்களை எடுக்கலாம்?

இலைக்கனில் ரொசெல்லா மொன்டாக்னேய். தென்னிந்தியாவின் கிழக்குக் கரையிலும் இலங்கையின் வறண்ட கரையோரங்களிலும் மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு, சாம்பல் வெள்ளை நிறத்தில் தட்டையான நாடாக்களாகத் தொங்கும். மொன்டாக்னே என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

முலையூட்டியில் நம் காட்டானை. ஆசிய யானையின் இலங்கைத் துணையினம், அறிவியற் பெயர் எலிபாஸ் மக்சிமஸ் மக்சிமஸ். வளர்ந்த யானை இரண்டு முதல் ஐந்தரைத் தொன் வரை இருக்கும். ஆண்களிலும் கொம்பன் குறைவு, நூற்றில் ஏழு என்ற அளவில்தான்.

பட்டணத்துக்குள்ளேயே மான் நிற்கிறதே, அதை எடுக்கக்கூடாதா?

எடுக்கலாம். பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் கடற்கரை வீதியிலும் நிற்கும் புள்ளிமான்களை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவை பெரிய முலையூட்டிக் கணக்கில் சேருமா என்பது எனக்கு ஐயம். பெரியதுதான் வேண்டுமென்றால் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையில் நின்று பார்த்தாலே கடலில் நீலத்திமிங்கிலம் தென்படும் காலம் உண்டு. துறைமுக வாயிலை ஒட்டியே ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஓடுவதால் அவை கரைக்கு அவ்வளவு அருகே வருகின்றன. ஆனால் திமிங்கிலமும் இலைக்கனும் ஒரே மரத்தடியில் சந்திப்பதில்லை. யானையும் இலைக்கனும் சந்திக்கும். அதனால்தான் என் தெரிவு யானை.

ஒன்று பாசி, மற்றது யானை. இதில் ஒப்பிட என்ன இருக்கிறது, சேர்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பிள்ளைகள் முதலில் எழுதுவது ஒரு பட்டியல்: யானை பெரிது, இலைக்கன் சிறிது, யானை நடக்கும், இலைக்கன் நடக்காது, யானைக்கு மூளை உண்டு, இலைக்கனுக்கு இல்லை. எல்லாம் சரி, ஆனால் பார்த்தவுடன் தெரிகிற வித்தியாசத்தை எழுதிவிட்டு என்ன பயன்? ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்க வேண்டும். தண்ணீருக்கு என்ன செய்கிறாய்? உன் சாப்பாட்டை உனக்காகச் சமைப்பது யார்? அடுத்த தலைமுறையை எப்படி அனுப்புகிறாய்? உன்னைக் கொல்வது எது? அப்படிக் கேட்கும்போது இரண்டுமே நாம் நினைத்தது போல் இல்லை என்று தெரியவரும்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். யானை உயிர்வாழ அகன்ற நிலம் வேண்டும். இலைக்கன் உயிர்வாழ யாரும் கை வைக்காத நெடுங்காலம் வேண்டும். ஒன்றுக்குத் தேவை பரப்பு, மற்றதற்குத் தேவை வயது. ஒரு காட்டுக்கு இரண்டும் இருக்கிறதா என்று கேட்க நமக்கு இந்த ஒப்பீடு பழக்கும்.

யானைக்கும் இலைக்கனுக்கும் உறவு ஏதும் உண்டா?

உண்டு, அதுவும் எதிர்பாராத இடத்தில். பங்கசுகளும் விலங்குகளும் ஒரே பெருங்கிளையில் வந்தவை. தாவரங்கள் அதற்கு வெகு முன்பே பிரிந்து போய்விட்டன. ஆகவே பாலை மரத்தில் ஒரு இலைக்கன் தொங்க, அதன் கீழ் ஒரு யானை நின்றால், அந்த இலைக்கனுக்குள் இருக்கும் பங்கசு தான் ஒட்டியிருக்கும் மரத்தை விட நிற்கும் யானைக்கே நெருங்கிய சொந்தம்.

தண்ணீர் விஷயத்தில் எப்படி ஒப்பிடுவது?

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் மழை பெரும்பாலும் வாடைக்காற்றோடுதான், ஐப்பசி தொடங்கித் தை வரை. அப்புறம் கச்சான் காற்று தரையிலிருந்து அனலாக வீசும் மாதங்கள். இந்த இரண்டு பருவத்தையும் இரண்டு உயிரும் எப்படிக் கடக்கின்றன என்று பாருங்கள்.

யானை நாளுக்கு 100 லீற்றருக்கு மேல் குடிக்கும். ஏறத்தாழ 150 கிலோ புல், இலை, பட்டை தின்னும். உடம்பில் வியர்வைச் சுரப்பி கால் நகங்களைச் சுற்றி மட்டுமே இருப்பதால், சூட்டைக் காதை அசைத்தும் சேறு பூசியும் நீரை வாரி இறைத்தும் தணிக்க வேண்டும். ஆகவே கோடையில் யானையின் வாழ்க்கை முழுக்கக் குளங்களைச் சுற்றித்தான். ஆடி ஆவணியில் மின்னேரியா, கவுடுல்ல குளங்கள் வற்றத் தொடங்கும்போது, வெளியே வந்த குளத்தடியில் புதுப்புல் முளைக்கும். அதை மேய நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும். நம் பக்கத்தில் சோமாவதியைச் சுற்றி மகாவலி வெள்ளம் தேங்கி வடியும் வில்லுகளும் அப்படித்தான். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்வதற்கு முன் யானைக்குப் போடும் சாப்பாட்டு மேசை என்றே சொல்லலாம்.

இலைக்கனுக்கு வேர் கிடையாது. தண்ணீரைச் சேமிக்கும் பாத்திரமும் கிடையாது. இலைகளில் இருக்கும் மெழுகுத் தோல் கூட இல்லை. காற்று காய்ந்தால் அதுவும் காயும், காற்று நனைந்தால் அதுவும் நனையும். நடுப்பகலில் ரொசெல்லாவைத் தொட்டால் காய்ந்த காகிதம் போல் மொரமொரப்பாக இருக்கும். செத்துவிட்டதென்றே தோன்றும். சாகவில்லை, எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுக் கிடக்கிறது. இரவில் கடலிலிருந்து ஈரம் ஏறும்போது அந்த ஈரக்காற்றே அதற்குப் போதும், மழை வேண்டியதில்லை. விடியும்போது துவண்டு மென்மையாக இருக்கும். வெயில் ஏறும் வரையான சில மணி நேரம் ஒளித்தொகுப்பு நடக்கும். பிறகு மீண்டும் காய்ந்துவிடும். கரையோர மரங்களிலேயே அது அதிகம் வளர்வதன் காரணம் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

ஆக, யானை தண்ணீரைத் தேடிப் போகிறது. இலைக்கன் தண்ணீர் வரும்வரை காத்துக் கிடக்கிறது. காய்ந்து கிடக்கும் இந்தத் திறமை எவ்வளவு ஆழமானது என்றால், 2005இல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் இரண்டு இலைக்கன் இனங்களை விண்கலத்தில் அனுப்பி, இரண்டு வாரமளவில் வெறும் விண்வெளியில் திறந்து வைத்தார்கள். பூமிக்குத் திரும்பியதும் அவை மறுபடி ஒளித்தொகுப்புச் செய்தன. அவை குளிர்ப்பிரதேச இனங்கள், நம் ரொசெல்லா அதில் இல்லை.

இலைக்கன் கூட்டுக் குடித்தனம், சரி. யானை தனி உயிர்தானே?

இல்லை. இந்த ஒப்பீட்டைச் செய்த பிள்ளைகளில் பலர் கண் விரிந்த இடம் இது.

யானை தின்பதில் பெரும்பகுதி செலுலோசு. அதைச் செரிக்கும் நொதியத்தை யானையால் தன் உடலில் செய்ய முடியாது. மாடு போல் நான்கறை இரைப்பையும் இல்லை. பெருங்குடலிலும் குருட்டுக்குடலிலும் குடியிருக்கும் பற்றீரியாக்களும் மற்ற நுண்ணுயிர்களும்தான் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன. அப்படியும் தின்றதில் பாதிக்குக் குறைவாகவே செரிக்கும். மீதி லத்தியாக வெளியே வரும். காட்டுப் பாதையில் கிடக்கும் லத்தியைக் குச்சியால் கிளறிப் பார்த்தால் நார், பட்டைத் துண்டு, முழுசு முழுசாக விதை எல்லாம் அப்படியே இருப்பதைக் காணலாம். விளாம்பழ விதையும் பாலை விதையும் அப்படித்தான் தாய் மரத்தை விட்டுத் தொலைவில் போய் முளைக்கின்றன.

பிறந்த குட்டியின் குடலில் இந்த நுண்ணுயிர்கள் தேவையான அளவு இருப்பதில்லை. அதனால் குட்டி தாயின் லத்தியைத் தின்னும். பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் குட்டிக்கு அது தாய்ப்பாலுக்கு அடுத்த சீர். பங்கசுக்கு அல்கா எப்படியோ, யானைக்குக் குடல் நுண்ணுயிர் அப்படி. வித்தியாசம் என்னவென்றால் இலைக்கனில் சமையற்காரர் வெளியே, மெல்லிய தோலுக்குக் கீழே வெயிலில் இருக்கிறார். யானையில் உள்ளே இருட்டில் இருக்கிறார்.

அந்த அல்காவை நான் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். ரொசெல்லாவுக்குள் இருப்பது திரென்டெபோலியா என்ற அல்கா. பச்சை அல்கா வகைதான், ஆனால் அதில் கரட்டின் சார்ந்த நிறப்பொருள் நிறைய இருப்பதால் செம்மஞ்சளாகத் தெரியும். இதே சாதி அல்கா தனியாகவும் வாழும். மழைக்காலம் முடிந்ததும் ஈரச் சுவர்களிலும் மரத்தண்டுகளிலும் துருப்பிடித்தது போல் செம்மஞ்சளாகத் தூள் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பல வேளை அது திரென்டெபோலியாதான்.

யானை இலைக்கனைத் தின்னுமா?

தேடித் தின்பதில்லை. பட்டையை உரித்துத் தின்னும்போது அதில் ஒட்டியிருப்பதும் சேர்ந்து போகும். யானை உடம்பைத் தேய்க்கும் மரங்களில் சேறு பூசி, யானை எட்டும் உயரம் வரை பட்டை மழுங்கியிருக்கும். அங்கே இலைக்கன் நிலைக்காது. மறுபக்கம், யானை கிளை முறித்து வெளிச்சம் விழச் செய்த இடத்தில் வெளிச்சம் விரும்பும் இலைக்கன்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

இலைக்கனையே உணவாக நம்பி வாழும் பெரிய முலையூட்டி வேறு உண்டு. வடதுருவப் பக்கத்துக் கலைமான் (ரெயின்டீர்). குளிர்காலத்தில் பனியைக் குளம்பால் கிளறி அடியிலிருக்கும் இலைக்கனை மேயும். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றில் வந்த கதிரியக்க சீசியத்தை இலைக்கன்கள் உறிஞ்சிக்கொண்டன, அவற்றைத் தின்ற கலைமான்களின் இறைச்சியிலும் அது ஏறியது. கலைமான் மேய்த்துப் பிழைக்கும் வட ஐரோப்பாவின் சாமி என்ற பழங்குடி மக்களுக்கு அது பெரும் இழப்பு. வேர் இல்லாமல் காற்றிலிருந்தே எல்லாவற்றையும் எடுக்கும் உயிர், காற்றில் வரும் நஞ்சையும் எடுத்துத்தான் ஆகும்.

யானை மேல் இலைக்கன் வளருமா?

வளராது. தோல் உதிரும், சேறு பூசும், மரத்தில் தேய்க்கும், குளத்தில் புரளும். கலாபகசுத் தீவுகளின் இராட்சத ஆமை ஓடுகளில் இலைக்கன் வளர்வது மட்டும் 1960களில் பதிவாகியிருக்கிறது.

எது அதிக காலம் வாழும்?

யானையின் வயதுக்கு ஒரு வரம்பு அதன் வாயிலேயே இருக்கிறது. வாழ்நாளில் ஆறு தொகுதி கடைவாய்ப் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆறாவதும் தேய்ந்தால் மெல்ல முடியாது. காட்டில் அது அறுபதை ஒட்டிய வயது. வளர்ப்பில் மென்மையான உணவு கொடுத்தால் அதற்கு மேலும் இருக்கும். தாய்பேயில் இருந்த லின் வாங் என்ற ஆசிய யானை 2003இல் 86 வயதில் இறந்தது.

இலைக்கனில் இனத்துக்கினம் மாறும். குளிர்ப்பிரதேசப் பாறைகளில் ஒட்டிய சில இனங்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் கூட வளராமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருக்கின்றன. பாறை எப்போது வெளிப்பட்டது என்று கணிக்கவே அவற்றின் அகலத்தை அளக்கிறார்கள். மரத்தில் வளரும் ரொசெல்லாவுக்கு அந்த ஆயுள் வராது. பட்டை இருக்கும்வரை அது இருக்கும். ஒரு முதிரையோ வீரையோ எழுபது எண்பது வருடம் நின்றால்தான் அதன் பட்டையில் மெதுவாக வரும் இனங்களுக்கும் இடம் கிடைக்கும்.

இனப்பெருக்கம்?

யானை 20 முதல் 22 மாதம் சுமந்து ஒரு குட்டி போடும். அடுத்தது நாலைந்து வருடம் கழித்து. ஒரு தாய் யானையைச் சுட்டால் எத்தனை வருடக் கணக்கு குலைகிறது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

ரொசெல்லாவின் நாடாக்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஓரங்களிலும் மேலும் வட்ட வட்டமாக மாவு தூவியது போன்ற புள்ளிகள் இருக்கும். அந்த மாவின் ஒவ்வொரு துகளிலும் சில அல்காக் கலங்களும் அவற்றைச் சுற்றிய பங்கசு இழைகளும் உள்ளன. கலியாணம் முடித்துப் போகும் பெண்ணோடு சட்டி பானையும் சேர்த்து அனுப்புவது போல, பங்கசு தனியே போவதில்லை, சமைக்கும் ஏற்பாட்டோடுதான் போகிறது. காற்றிலோ எறும்பின் காலிலோ ஒட்டிப் போய் இன்னொரு பட்டையில் விழும். பெரும்பாலானவை வீண்தான்.

இதிலிருந்து சாயம் எடுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. ரொசெல்லாவில் எரித்ரின், லெக்கனோரிக் அமிலம் என்ற பொருட்கள் உள்ளன. இலைக்கனை அமோனியாவில் (பழங்காலத்தில் புளித்த சிறுநீரில்) காற்றுப்பட வாரக்கணக்கில் ஊறவைத்தால் ஊதாச் சாயம் வரும். பட்டுக்கும் கம்பளிக்கும் ஐரோப்பாவில் அதற்கு நல்ல கிராக்கி இருந்தது. பிரித்தானியர் காலத்தில் இலங்கையிலிருந்தும் இந்தச் சாயப்பாசி மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறியது. 1856இல் பேர்க்கின் என்ற ஆங்கிலேய இளைஞர் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு செயற்கைச் சாயங்கள் ஒவ்வொன்றாக வந்து இந்த வியாபாரத்தை விழுங்கிவிட்டன. பள்ளி ஆய்வுகூடத்தில் அமிலம் காரம் பார்க்கும் பாசிச்சாயத்தாளின் சாயமும் ரொசெல்லா சாதி இலைக்கன்களிலிருந்தே வந்தது.

அதற்கு முன்பிருந்தே யானைக்கும் விலை இருந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை யாழ்ப்பாணத்துக்கு நடத்திச் சென்று இந்திய வியாபாரிகளுக்கு விற்றார்கள். ஆனையிறவு அந்த வழியில்தான் இருக்கிறது. பிரித்தானியர் வந்ததும் பிடிப்பதை விடச் சுடுவது கூடியது. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒருவர் மட்டும் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகப் பதிவு இருக்கிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். காட்டை அன்று ஆண்டவர்களின் கணக்குப் புத்தகத்தில் பாசிக்கும் ஒரு பக்கம் இருந்தது, யானைக்கும் ஒரு பக்கம் இருந்தது. இரண்டையும் உயிராக எழுதிய பக்கம் வெகு காலம் கழித்துத்தான் வந்தது.

எங்கள் மாமரம் முழுக்க இது பிடித்திருக்கிறது. மரம் பட்டுப்போகுமா?

போகாது. இலைக்கன் மரத்தின் சாற்றை எடுப்பதில்லை, ஒட்டிக்கொள்ள இடம் மட்டுமே எடுக்கிறது. மரம் நலிந்து இலை குறைந்தால் வெளிச்சம் கூடி இலைக்கன் கூடுதலாகத் தெரியும். அதைப் பார்த்து இலைக்கன்தான் மரத்தை நலிவித்தது என்று நினைக்கிறார்கள். சுரண்ட வேண்டாம், சுண்ணாம்பு அடிக்கவும் வேண்டாம்.

பிரியாணிக்குப் போடும் கல்பாசி இதுதானா?

அதுவும் இலைக்கன்தான், ஆனால் வேறு இனம். குளிர்ந்த மலைப்பக்கத்து இனம். கரையோர மரங்களில் இருப்பதைப் பிடுங்கிக் கறியில் போடாதீர்கள்.

இரண்டில் எதற்கு ஆபத்து அதிகம்?

யானைக்கு எண்ணிக்கை இருக்கிறது. 2011இல் நாடு முழுவதும் நீர்நிலைகளில் நின்று எண்ணியபோது 5,879 என்று வந்தது. ஆசிய யானை 1986 முதல் உலக அளவில் அருகிவரும் இனப் பட்டியலில் இருக்கிறது. 2023இல் மட்டும் இலங்கையில் 450க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் யானை மனித மோதலில் இறந்தார்கள். துவக்குச் சூடு, அனுமதியில்லாத மின்சாரக் கம்பி, தீனிக்குள் வைத்து வாயில் வெடிக்கும் ஹக்கபட்டாஸ். இந்த ஹக்கபட்டாஸ் பெரும்பாலும் குட்டிகளையும் இளசுகளையும்தான் பிடிக்கிறது. தாடை சிதறி, தின்ன முடியாமல், நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். புகையிரதப் பாதையும் சேர்த்தி. 2025 பெப்ரவரி 20இல் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன ரயில் ஹபரணைப் பக்கம் ஒரு கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன.

இலைக்கனுக்கு இப்படி எண்ணிக்கை எதுவும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்த துவேட்ஸ் சேகரித்து அனுப்பியவற்றை இங்கிலாந்தில் லெய்ட்டன் என்ற இலைக்கன் அறிஞர் விவரித்தார், அங்கிருந்துதான் இலங்கை இலைக்கன் பட்டியல் பெருகத் தொடங்கியது. மரத்தோடு சேர்ந்து போவதால் அதன் சாவு யார் கண்ணிலும் படுவதில்லை. வீதி அகலிப்புக்கு ஒரு பழைய புளியமரத்தைத் தறித்தால் மறுநாள் பத்து மரக்கன்று நடுவோம். அந்தக் கன்றின் பட்டை அந்தப் புளியின் பட்டையாக இன்னும் இரண்டு தலைமுறை வேண்டும்.

புகையும் அதன் எதிரி. குறிப்பாக நிலக்கரியை எரிக்கும்போது வரும் கந்தகவீரொட்சைட்டு (சல்பர் டை ஒக்சைட்) வாயு. 1866இலேயே நைலாண்டர் என்ற அறிஞர் பாரிசின் லக்சம்பேர்க் பூங்காவில் வளரும் இலைக்கன்களைக் கொண்டு காற்றின் தூய்மையை மதிப்பிடலாம் என்று எழுதினார். சம்பூரில் அமையவிருந்த நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அமைந்திருந்தால், கொட்டியாரக் குடாவைச் சுற்றிய மரப்பட்டைகள்தான் நமக்கு முதலில் செய்தி சொல்லியிருக்கும்.

எங்கள் வயலை யானை மிதிக்கிறது. நீங்கள் பாசியோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கந்தளாய்ப் பக்கத்து அப்பா ஒருவர் இப்படிக் கேட்டார். நியாயமான கோபம். ஒரு போகம் முழுதும் கடன் வாங்கி விதைத்து, கதிர் முற்றுகிற வாரத்தில் இரவோடிரவாக அது போனால், அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? பரணில் யானைவெடியோடு விழித்திருக்கும் மனிதரிடம் யானையின் அருமையை மட்டும் பேசுவது சரியில்லை.

ஆனால் ஒப்பீடு அங்கும் உதவுகிறது என்றே நம்புகிறேன். நம் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை நடமாடுகிறது. அந்தப் பரப்பில் 70 வீதமளவில் மக்களும் குடியிருக்கிறார்கள். ஒரு யானை நூறு சதுர கிலோமீற்றர் அளவில் சுற்றி வாழும். அதைத் துரத்திச் சரணாலயத்துக்குள் அடைத்து மின்வேலி போடும் வழியைப் பல பத்தாண்டுகள் செய்து பார்த்தாயிற்று. வேலிக்குள் இரை போதாமல் மெலிந்து சாகின்றன, ஆண் யானைகள் உடைத்துக்கொண்டு திரும்பி வருகின்றன. அதனால்தான் 2020இல் தயாரித்த தேசிய செயற்திட்டம் வேலியைத் திருப்பிப் போடச் சொன்னது: காட்டைச் சுற்றி வேண்டாம், ஊரைச் சுற்றி ஊராரே பராமரிக்கும் நிரந்தர வேலி, வயலைச் சுற்றிப் பயிர்க்காலத்துக்கு மட்டும் வேலி, அறுவடை முடிந்ததும் கழற்றிவிட்டு, தாளை யானை மேய விடலாம். இருக்கிற இடத்தை விட்டுப் பெயர்த்தால் பிழைக்காத உயிர் இலைக்கன் என்று எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். யானையும் அப்படித்தான், அதன் இடம் கொஞ்சம் பெரியது, அவ்வளவே.

யானை கடலில் நீந்துமாமே?

நன்றாக நீந்தும். 2017 ஜூலையில் கொக்கிளாய்ப் பக்கம் கடலில் எட்டுக் கடல்மைல் தள்ளிப்போன ஒரு யானையைக் கடற்படையினர் கயிறு கட்டிக் கரை சேர்த்தார்கள். அதே மாதம் நம் துறைமுக வாயிலருகே இழுபட்டுப் போன இரண்டு இளம் யானைகளையும் மீட்டு ஃபவுல் பொயின்ட் காட்டில் விட்டார்கள்.

பிள்ளைகள் நேரில் பார்க்க என்ன செய்யலாம்?

யானைக்கு: ஹபரணை, கந்தளாய் வழியில் அதிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் வாகனத்தை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். கண்டால் இறங்க வேண்டாம், ஹோர்ன் அடிக்க வேண்டாம், வாழைப்பழம் எறியவே வேண்டாம். வீதியோரம் பழம் வாங்கிப் பழகிய யானைதான் பிறகு வாகனத்தை மறிக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் ஈரக் கோடு வழிந்தால் மதத்தில் நிற்கும் ஆண், உடனே பின்வாங்குங்கள்.

இலைக்கனுக்கு: நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துப் பழைய மரங்களில், கடற்காற்று படும் பக்கத்தில் தேடுங்கள். பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று போதும். காலையில் ஒரு தடவை, நண்பகலில் ஒரு தடவை அதே நாடாவைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, மரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் அதே மாதத்தில் மறுபடி எடுங்கள். இனத்தை உறுதிசெய்ய வேண்டுமென்றால் நிலத்தில் விழுந்து கிடக்கும் துண்டில் மட்டும், குளோரீன் உள்ள வெண்மையாக்கியில் ஒரு துளி விடலாம். எரித்ரின் இருந்தால் அந்த இடம் சில நொடியில் சிவக்கும், பிறகு மங்கிவிடும். சிவந்தவுடன் படம் எடுத்துவிடுங்கள். மரத்தில் இருப்பதைப் பிடுங்கக்கூடாது.